ஆற்றங்கரையில் ரயில் வரும்போது விலங்குகளின் வழி என்னவாகும்?

பல்கலைக்கழகத்தில் புவியியல் பயிலும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "நகர ரயில் பாதையை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே அமைத்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், அங்கு நடமாடும் விலங்குகளுக்கு இடையூறு வராமல் செய்ய முடியுமா, ஐயா? பாதையைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்விட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?" சிங்கப்பூரில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்காகப் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்தவன் என்ற முறையில், இதற்குச் சற்று விரிவாகவே விடை எழுத விரும்புகிறேன்.

முடியும் என்பதே என் விடை. ஆனால், வரைபடத்தில் பாதையின் கோடு விழுவதற்கு முன்பே அதற்கான முடிவுகளை எடுத்திருக்க வேண்டும். சுரங்கம் பெரிதும் உதவும் என்றாலும் அதற்கும் தரைமேல் வாய்கள் உண்டு. அந்த வாய்களை எங்கே திறக்கிறோம் என்பதில் பாதிச் சிக்கல் அடங்கியிருக்கிறது. மறுபாதி கட்டுமானக் காலத்தில் இருக்கிறது. ஓடும் ரயிலைக் காட்டிலும், அந்த ரயில் வருவதற்கு முன் ஆற்றங்கரையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் தகரத் தடுப்புகளும் விளக்குகளும் லாரிகளும்தான் விலங்குகளை அதிகம் விரட்டுகின்றன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நகரத்தில் காடு துண்டுதுண்டாகிவிட்ட பிறகு, அந்தத் துண்டுகளைக் கோக்கும் நூலாக எஞ்சுவது பெரும்பாலும் ஆறும் அதன் இரு கரைகளும்தான். வெள்ளம் ஏறும் இடம் என்பதால் கரையை ஒட்டிக் கட்டடம் எழுப்பத் தயங்குவார்கள். ஆகவே நீரும் நிழலும் மறைவும் ஒரே நீட்சியாகக் கிடைக்கின்றன. காலாங் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து மரினா நீர்த்தேக்கம் வரை சுமார் 10 கிலோமீட்டர் ஓடும் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு அது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாகக் கிடந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். அதன் பின்னர் நீர்நாய்கள் அங்கு குடியேறின. பீஷானில் வளர்ந்த குடும்பம் ஆற்றோடு இறங்கி மரினா வரை வந்ததை இந்நகரத்தார் பலர் நேரில் கண்டிருக்கிறார்கள். அந்த இடம்பெயர்வுக்கு யாரும் தனிப் பாலம் கட்டித் தரவில்லை. ஆறு இடைவெளியின்றித் தொடர்ந்து கிடந்ததே போதுமானதாக இருந்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே ரயில் வரும்போது நாம் காக்கவேண்டியது இந்தத் தொடர்ச்சியைத்தான்.

தொடர்ச்சியை ஒருமுறை அறுத்துவிட்டால் மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை அமைந்தபோது, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியும் இரண்டாகப் பிளந்தன. அவற்றை இணைக்கும் பசுமைப் பாலம் 2013இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் எறும்புத்தின்னிகளும் புனுகுப்பூனைகளும் அச்சாலையில் அடிபட்டு மாண்டன. 62 மீட்டர் நீளமும், குறுகிய இடத்தில் 50 மீட்டர் அகலமும் கொண்ட அப்பாலம் நடுவில் ஒடுங்கி இரு முனைகளிலும் விரிந்த உடுக்கை வடிவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. விரிந்த முனைகள் விலங்கை உள்ளே ஈர்க்கின்றன. நடுப்பகுதியும் காடுபோலவே தோன்றும் அளவுக்கு அகலமாக இருக்கிறது. நல்ல கட்டமைப்புத்தான். ஆயினும், சாலை திட்டமிடப்பட்ட நாளிலேயே இது கோட்டில் இடம்பெற்றிருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்ற எண்ணம் அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

இப்போது சுரங்கத்துக்கு வருகிறேன். 2013இல் அறிவிக்கப்பட்ட குறுக்குத் தீவு ரயில் பாதை, மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டை எப்படிக் கடப்பது என்ற விவாதம் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் நீடித்தது. காட்டைச் சுற்றிக்கொண்டு போகும் 9 கிலோமீட்டர்ப் பாதை ஒன்று. காட்டுக்கு அடியில் நேராகச் செல்லும் 4 கிலோமீட்டர்ப் பாதை மற்றொன்று. இரண்டாவதில் பாதித் தொலைவு, அதாவது 2 கிலோமீட்டர், வனப்பகுதிக்குக் கீழே செல்கிறது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் சுற்றுப்பாதையை வலியுறுத்தியது. 2019 டிசம்பரில் அரசாங்கம் நேர்ப்பாதையைத் தேர்ந்தெடுத்து, சுரங்கம் தரைக்குக் கீழே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் செல்லும் என்றும் வனப்பகுதிக்குள் தரைமேல் எந்தக் கட்டுமானமும் இருக்காது என்றும் அறிவித்தது. ஆறு நிமிடப் பயண நேரமும் சுமார் 2 பில்லியன் வெள்ளியும் மிச்சமாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சில.

அந்த விவாதத்தால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. மண்ணாய்வுக்காகக் காட்டுக்குள் 72 துளைகள் போடுவதாக இருந்த திட்டம் 16 துளைகளாகக் குறைந்தது. எஞ்சிய தகவலைப் பூமிக்குள் அதிர்வலைகளைச் செலுத்திப் படிக்கும் புவி இயற்பியல் முறைகளால் திரட்டினார்கள். விடியலிலும் அந்தியிலும்தான் விலங்குகள் அதிகம் நடமாடுகின்றன என்பதால் வேலை நேரம் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே அடக்கப்பட்டது. துளையிடும் இயந்திரங்களைச் சுற்றி ஒலித்தடுப்பு அமைக்கப்பட்டது. இவையெல்லாம் விலையுயர்ந்த தொழில்நுட்பங்கள் என்று சொல்லமுடியாது. யாரோ கேட்டதால் நடந்தவை.

ஆனால் சுரங்கம் வெட்டும் இயந்திரம் எங்கோ ஓரிடத்தில் பூமிக்குள் இறங்கி வேறோரிடத்தில் வெளிவந்தாக வேண்டும். அதற்கான ஆழ்குழிகள், காற்றோட்டக் கட்டடங்கள், அவசரகால வழிகள், தோண்டிய மண்ணைக் குவிக்கும் திடல், லாரிகள் வந்துபோகும் தற்காலிகச் சாலை ஆகிய அனைத்தும் தரைமேல்தான் அமையும். வனப்பகுதிக்குள் அமைக்கக்கூடாது என்றால் அவை அதன் விளிம்புக்கு வரும். பெரும்பாலும் அந்த விளிம்புதான் விலங்குகள் வெளியே வரும் வாசல். ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். ஆற்றின் இரு மேடுகளுக்கு இடையே சுரங்கம் போடுகிறோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஆழ்குழியைக் கரையோரக் காலிமனையில் தோண்டினால் என்ன பயன்? காலியாகத் தெரிகிற அந்த மனைதான் அப்பகுதியில் விலங்குகளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மறைவாக இருக்கக்கூடும்.

சுரங்கத்தில் இன்னொரு கவலையும் உண்டு; அது கண்ணுக்குத் தெரியாதது. புக்கிட் தீமா கருங்கல் பாறையின் வெடிப்புகளில் நிலத்தடி நீர் தேங்கி நிற்கிறது. சுரங்கத்துக்குள் அந்நீர் கசிந்து வடிய விட்டால், மேலே ஓடும் ஆழமற்ற சிற்றோடைகள் வறண்டுபோகலாம். புக்கிட் தீமா சுற்றுவட்டார ஓடைகளில் வாழும் சிங்கப்பூர் நன்னீர் நண்டு உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அதற்கு ஓடை வறண்டால் போக்கிடமே கிடையாது. ஆகவே, தோண்டும் முகப்பில் அழுத்தத்தைச் சமன்செய்து நீரைத் தடுக்கும் வகை இயந்திரத்தைப் பயன்படுத்துவதும், மேலேயுள்ள நிலத்தடி நீர்மட்டத்தை நாள்தோறும் அளப்பதும் கட்டாயமாக வேண்டும்.

சுரங்கம் சாத்தியமில்லாத இடங்களில் பாலம்தான் வழி. உண்மையில், பள்ளத்தாக்கு ஆழமாக இருந்தால் நன்கு வடிவமைத்த பாலம், கரையை வெட்டித் திறந்து மூடிப் போடும் சுரங்கத்தைவிடப் பலமடங்கு மேலானது. டவுன்டவுன் ரயில் பாதையின் மூன்றாம் கட்டத்துக்காகச் சிங்கப்பூர் ஆற்றின் ஒரு பகுதியையே தற்காலிகமாகத் திருப்பிவிட வேண்டியிருந்ததை நினைவில் கொள்ளுங்கள். நகர மையத்தில், கற்சுவர்களுக்கு நடுவே ஓடும் ஆற்றில் அதைச் செய்யலாம். மரங்களடர்ந்த இயற்கைக் கரையில் செய்தால் வழித்தடம் பல ஆண்டுகளுக்கு அறுந்துபோகும்.

பாலத்தில் நான் முதலில் பார்ப்பது அதன் இரு முனைகளையும் தாங்கும் கரைச்சுவர்கள் எங்கே நிற்கின்றன என்பதைத்தான். செலவைக் குறைக்க நினைக்கும் வடிவமைப்பாளர் பாலத்தின் நீளத்தைச் சுருக்கி, அச்சுவர்களை நீர்விளிம்பிலேயே நிறுத்திவிடுவார். ஆறு தடையின்றி ஓடும். வெள்ளக் கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் கரையில் நடந்துவரும் உடும்போ காட்டுப்பன்றியோ சுவரில் முட்டி நிற்கும். நீந்தத் தெரிந்தது நீந்தும். மற்றவை மேடேறிச் சாலைக்குப் போகும். சுவரைச் சில மீட்டர் பின்னுக்குத் தள்ளி, வழக்கமான வெள்ளத்திலும் மூழ்காத உலர்ந்த நிலப்பட்டையை இரு கரைகளிலும் விட்டால் இந்தச் சிக்கல் எழாது. மனிதர்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் பூங்கா இணைப்புப் பாதை வேண்டுமானால் அதை ஒரு கரைக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மறுகரையை விலங்குகளுக்கென இருட்டாகவும் அமைதியாகவும் விட்டுவிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் ஒரே பட்டைக்குள் திணித்தால், இரவெல்லாம் எரியும் பாதை விளக்குகளுக்கு அஞ்சி விலங்குகள் ஒதுங்கிவிடும்.

அடுத்தது திறப்பின் அளவு. திறப்பின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, விலங்கு அதற்குள் நடக்கவேண்டிய நீளத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட பெட்டிவடிவ மதகு 30 மீட்டர் நீளமாக இருந்தால் அந்த எண் 0.2 மட்டுமே. 30 மீட்டர் இடைவெளியில் தூண்களும் 8 மீட்டர் உயரமும் கொண்ட, 10 மீட்டர் அகல ரயில் பாலத்துக்கோ அது 24. மான் இனங்களுக்கு 0.6க்குக் குறையக்கூடாது என்ற கணக்கு வட அமெரிக்க வழிகாட்டிகளில் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாதுதான். எனினும், மறுமுனையில் வெளிச்சமும் செடியும் தெரியாத இருட்டுக் குழாய்க்குள் மான் நுழையாது என்ற எளிய உண்மையை அது நினைவூட்டுகிறது.

பாலத்தின் அடியில் மழை விழாது, வெயிலும் படாது. அதனால் செடி முளைக்காமல் வெறும் மண் காய்ந்து கிடக்கும். மறைவில்லாத அந்த வெற்றிடத்தைக் கடக்கச் சிறு விலங்குகள் அஞ்சும். இதற்கு இரு தண்டவாளங்களையும் ஒரே தளத்தில் வைக்காமல் இடையே இடைவெளி விட்டு இரு மெல்லிய தளங்களாக அமைக்கலாம். அல்லது பாலத்தை உயர்த்தலாம். இரண்டும் முடியாதபோது விழுந்த மரக்கட்டைகளையும் கற்குவியல்களையும் அடியில் வரிசையாகப் போட்டுவைத்தால் தவளையும் பல்லியும் மூஞ்சூறும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளிந்து செல்லும். கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டும் பெருங்கற்கள் குளம்புள்ள விலங்குகளின் காலை முறித்துவிடும் என்பதால், அவற்றின் இடுக்குகளை மண்ணால் நிரவி ஒரு நடைபாதை விடவேண்டும். வரைபடத்தில் இதெல்லாம் ஒரு வரிக் குறிப்புத்தான். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லையென்றால் களத்தில் யாரும் செய்யமாட்டார்கள்.

இங்கே ஓர் அனுபவத்தைச் சொல்லவேண்டும். கால்வாய்க் கரையோரம் நடந்த ஒரு கட்டுமானத்தில், திட்டப்படி நீர்விளிம்பிலிருந்து சற்று விலகி நிற்கவேண்டிய தகரத் தடுப்பை யாரோ நீர் வரை நீட்டிவிட்டார்கள். சேமிப்புக்கு இடம் போதவில்லை என்பது காரணம். வழக்கமாக அக்கரையில் ஏறி உடலை உலர்த்திக்கொண்டு செல்லும் நீர்நாய்க் குடும்பம் அன்று தடுப்பைச் சுற்றிச் சாலைக்கு ஏறியது. குட்டி ஒன்று வாகனத்தில் அடிபட்டு இறந்தது. அதை எடுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் தடுப்பைப் பின்னுக்கு நகர்த்த அரைநாள் வேலைகூட ஆகவில்லை. அன்றிலிருந்து, எந்தத் திட்ட அறிக்கையைக் கையில் எடுத்தாலும் இறுதி வடிவத்தின் படங்களைப் புரட்டிவிட்டு, கட்டுமானக் கட்டத்தின் தள வரைபடத்தைத்தான் நெடுநேரம் பார்க்கிறேன்.

அதே கட்டத்தில் கவனிக்கவேண்டிய மற்றொன்று சேற்றுநீர். தளத்திலிருந்து வடிகாலுக்கு விடும் நீரில் மிதக்கும் வண்டல் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சிங்கப்பூரின் விதி. விதி நல்லது, ஆனால் நம் பிற்பகல் இடிமழை அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும்போது வண்டல் தொட்டிகள் நிரம்பி வழியும். தொட்டியின் கொள்ளளவை அந்த மழைக்கு ஏற்பக் கணக்கிட்டார்களா என்று கேட்கவேண்டும்.

எந்த விலங்குக்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இதற்குக் கனடாவின் எட்மன்டன் நகரம் நல்ல முன்மாதிரி. வடக்கு சஸ்காட்செவன் ஆறு அந்நகரின் நடுவே ஆழமான பள்ளத்தாக்கை வெட்டிச் செல்கிறது. 2023 நவம்பரில் திறக்கப்பட்ட நகர ரயில் பாதை அப்பள்ளத்தாக்கைப் பாலத்தில் கடக்கிறது. விலங்குகளின் கடவைகளை வடிவமைப்பதற்கான வழிகாட்டியை அந்நகராட்சி 2010லேயே வெளியிட்டு, பெரிய தரைவிலங்குகள், நடுத்தர விலங்குகள், சிறியவை, நீர்நில வாழ்வன என்று குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கடவை வகையை வகுத்தது. குளிர்நாட்டுப் பட்டியலை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. இங்கே மரத்திலிருந்து இறங்கவே விரும்பாத உயிர்களுக்கென ஒரு குழு கட்டாயம் வேண்டும். நூற்றுக்கும் குறைவாகவே சிங்கப்பூரில் எஞ்சியுள்ள ராஃபிள்ஸ் பட்டைமந்திகளுக்கு, பழைய அப்பர் தாம்சன் சாலையின் மேலே தேசியப் பூங்காக் கழகம் கயிற்றுப் பாலங்களைக் கட்டியது. மந்திகள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்கின்றன. ரயில் தடத்தின் இருபுறமும் மரக்கிளைகள் தொட்டுக்கொள்ள விடமுடியாது என்பதால், தடம் காட்டைக் கிழிக்கும் இடங்களில் இத்தகைய கயிற்றுப் பாலங்களை முதல் நாளிலேயே திட்டத்தில் சேர்க்கவேண்டும்.

பறவைகளுக்கு ரயிலைவிட நிலையத்தின் கண்ணாடிதான் ஆபத்து. குளிர்காலத்தில் தெற்கே வலசை வரும் நீலச்சிறகு பிட்டா, தமிழ்நாட்டார் ஆறுமணிக்குருவி என்று அழைக்கும் பறவையின் உறவினம்; சிங்கப்பூரில் கண்ணாடியில் மோதி இறக்கும் பறவைகளில் அடிக்கடி காணப்படுவது அது. ஆற்றோரம் நிலையம் அமைந்தால் கண்ணாடியில் நெருக்கமான கோடுகளோ புள்ளிகளோ பதிக்கவேண்டும்.

வேலி பற்றியும் சொல்லவேண்டும். பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து நண்பர்கள் வாளையார் ரயில் தடத்தில் யானைகள் இறந்ததைச் சொல்லி, மதுக்கரையில் 2024 தொடக்கத்தில் நிறுவியதுபோல் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் கொண்ட எச்சரிக்கை முறை இங்கும் போதாதா என்று கேட்பதுண்டு. யானை வரும் தகவல் கிடைத்ததும் அங்கு ரயிலின் வேகத்தைக் குறைக்கலாம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் நகரத் தடத்தில், அதுவும் உடும்புக்காகவோ நீர்நாய்க்காகவோ, அது நடக்காது. மேலும் சிங்கப்பூரின் வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு ரயில் பாதைகளில் தண்டவாளத்தின் பக்கத்தில் 750 வோல்ட் மின்தண்டு ஓடுகிறது. தடத்தில் காலெடுத்து வைக்கும் விலங்குக்கு ரயிலே வரவேண்டியதில்லை. ஆகவே நகரத்தில் விலங்கையும் தடத்தையும் முற்றாகப் பிரித்தாக வேண்டும். ஆனால் வேலி மட்டும் போட்டால் அது இன்னொரு சுவர்தான். பாலத்தின் திறப்பை நோக்கி விலங்கை வழிநடத்தும் வகையில் சாய்வாக அமைந்து, கீழ்ப்பகுதி தவளைகூட நுழையாத நெருக்கமான வலையாக, மண்ணுக்குள் சற்றுப் புதைந்து இருக்கும்போதுதான் வேலி தன் வேலையைச் செய்யும்.

கடைசியாக, கண்காணிப்பு. கட்டுமானத்துக்கு முன் குறைந்தது ஓராண்டாவது தானியங்கிக் கேமராக்களை வைத்து, மழைக்காலம், வறட்சி இரண்டிலும் எந்த விலங்கு எந்த நேரத்தில் எந்தக் கரையில் நடக்கிறது என்று பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவு இல்லாமல், பிற்பாடு "விலங்குகள் கடக்கின்றன" என்று காட்டும் ஒரு படத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. முன்பு நூறு முறை கடந்தவை இப்போது இருமுறைதான் கடக்கின்றனவா என்று தெரியாதல்லவா? ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் கேமராக்கள் இருக்கவேண்டும். கடவை வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் யார் செலவில், யார் திருத்துவார் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும்.

கேள்வி கேட்ட மாணவிக்கு: நீங்கள் ஆய்வைத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தீர்கள். நூலகத்துக்குப் போகும் முன் ஒரு விடியற்காலையில் லாவண்டர் நிலையத்தில் இறங்கி, சுரங்கத்திலிருந்து மேலெழும் கிழக்கு மேற்குப் பாதை காலாங் ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு நடந்துசெல்லுங்கள். அங்கிருந்து கரையோரமாகப் பீஷான் வரை போகலாம். வழியில் வரும் ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் நின்று, நீர்விளிம்புக்கும் கரைச்சுவருக்கும் இடையே எத்தனை மீட்டர் உலர்ந்த நிலம் இருக்கிறது, அங்கு விளக்கு எரிகிறதா, மண்ணில் கால்தடம் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவு நாடாவை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.